ரோமியோ ஜூலியட்: போய்ச் சேராத கடிதங்களும் பலமுறை மாறிய முடிவும்

ரோமியோ ஜூலியட் நாடகத்தின் கதையை வகுப்பறையில் சொல்லி முடித்தவுடன் மாணவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "அந்தக் கடிதம் மட்டும் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் அல்லவா?" என்பதே அது. "ஆம், எல்லாம் ஊழ்வினை" என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு ஆசிரியர்களாகிய நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். யானும் அவ்வாறு போனவனே. ஆயினும் அக்கேள்வி அத்தனை எளிதாகத் தள்ளிவிடத் தக்கதன்று. ஐந்நூறு ஆண்டுகளாக இக்கதையை எழுதியோரும் நடித்தோரும் திருத்தியோரும் அதே கேள்வியைத்தான் தம்முள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடிதம் ஏன் சேரவில்லை என்பதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையைத் தந்திருக்கிறது. கல்லறையில் நடந்தது என்ன என்பதற்கும் அவ்வாறே. அவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நாடகத்தின் முடிவு கடைசிக் காட்சியில் தீர்மானிக்கப்பட்டதன்று என்பது புலனாகும்.

இக்கதை ஷேக்ஸ்பியரின் கற்பனையில் முளைத்ததன்று. இத்தாலியரான மசூச்சியோ சலெர்னித்தானோவின் கதைத் தொகுப்பு 1476ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அதிலுள்ள ஒரு கதையில் சியெனா நகரத்துக் காதலர் இருவர் மறைவாக மணந்துகொள்கின்றனர். கணவன் ஒரு கொலை காரணமாக எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு ஓடுகிறான். மனைவி உறக்க மருந்து அருந்தி இறந்தவள்போல் கிடக்கிறாள். அவள் அனுப்பிய தூதுவனைக் கடற்கொள்ளையர் பிடித்துக்கொள்கின்றனர். செய்தி சேரவில்லை. ஊர் திரும்பிய கணவன் கல்லறையைத் திறக்க முயன்று பிடிபட்டுத் தலையிழக்கிறான்; மனைவி துயரத்தால் மடிகிறாள். ஏறத்தாழ 1530இல் லூயிஜி தா போர்த்தோ இக்கதையை வெரோனா நகருக்குக் கொண்டுவந்தார். காதலர்க்கு ரோமியோ, ஜூலியட்டா என்னும் பெயர்கள் அவர் சூட்டியவையே. அவருடைய கதையில் கொள்ளையர் இல்லை. கடிதத்தைச் சுமந்து சென்ற துறவி ரோமியோவை வீட்டில் காணாமல் இரண்டு மூன்று முறை திரும்பினார்; பிறர் கையில் கொடுக்கவும் மனமில்லை; அவ்வளவுதான். 1554இல் மத்தேயோ பண்தெல்லோ மீண்டும் இக்கதையை எழுதியபோது கொள்ளைநோய் உள்ளே புகுந்தது. மாண்டுவா நகரத்து மடம் நோயின் பொருட்டு அடைக்கப்பட, துறவி உள்ளே அகப்பட்டுக்கொள்கிறார்.

இவ்வித்தாலியக் கதைகளில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. தா போர்த்தோவும் பண்தெல்லோவும் ரோமியோவின் உயிர் பிரியும் முன்னரே ஜூலியட்டை விழிக்கச் செய்துவிடுகின்றனர். நஞ்சுண்டவனும் உறக்கம் தெளிந்தவளும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகின்றனர். பின்பே அவன் இறக்கிறான். 1559இல் இக்கதையைப் பிரெஞ்சு மொழியில் தந்த பியேர் புவாய்ஸ்துவோ அந்தச் சந்திப்பை நீக்கினார். அவன் இறந்த பின்னரே அவள் விழிக்கிறாள். அவனுடைய குறுவாளால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். பிரெஞ்சு நூலைத் தழுவி 1562இல் ஆர்தர் புரூக் ஆங்கிலத்தில் ஏறத்தாழ மூவாயிரம் அடிகள் கொண்ட நெடும்பாட்டு ஒன்றை இயற்றினார். ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதும்போது முதன்மையாகப் பயன்படுத்தியது இப்பாட்டையே. ஆகவே கல்லறையில் காதலர் சந்திக்காத முடிவு அவர் புதிதாய்க் கண்டதன்று. அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் செய்த வேலை வேறு. அந்த முடிவை நோக்கி நடக்கும் பாதையை அவர் முற்றிலும் மாற்றி அமைத்தார்.

புரூக்கின் பாட்டில் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. மணம் முடித்த காதலர் ஓரிரு மாதம் இன்பமாக வாழ்ந்த பிறகே சண்டை வருகிறது. 1595ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பெற்றதாகக் கருதப்படும் நாடகத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருச்சண்டை, அன்றிரவு விருந்து, திங்களன்று திருமணம், அதே நாளில் கொலையும் நாடுகடத்தலும், செவ்வாய் விடியலில் பிரிவு, அன்றிரவு மருந்து, வியாழன் இரவு கல்லறை, வெள்ளி விடியுமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது. இக்கால நெருக்கத்தில் ஒருநாள் தாமதம் என்பதே ஓர் உயிரின் விலையாகிவிடுகிறது. மாதக்கணக்கில் நடக்கும் கதையில் ஒரு கடிதம் தவறினால் இன்னொரு கடிதம் எழுதலாம். ஐந்து நாள் கதையில் அதற்கு இடமில்லை.

இனி நாடகத்துக்குள் புகுவோம். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் கபுலெட் பிரபு ஒரு வேலையாளிடம் விருந்தினர் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, அனைவரையும் அழைத்துவரச் சொல்கிறார். வேலையாளுக்கோ எழுத்து தெரியாது. தெருவில் எதிர்ப்பட்ட இளைஞனிடம் படித்துக் காட்டும்படி வேண்டுகிறான். அந்த இளைஞன் பகைவர் வீட்டுப் பிள்ளையான ரோமியோ. தான் அப்போது விரும்பியிருந்த ரோசலின் என்பாளின் பெயரைப் பட்டியலில் கண்டு, அவளைப் பார்க்கவே விருந்துக்குப் போகிறான். போன இடத்தில் ஜூலியட்டைக் காண்கிறான். சிரிப்பை வரவழைக்கும் சிறு காட்சிதான் இது. நடிப்பவர் பலர் இதைக் கோமாளிக் காட்சியாகவே எண்ணிக் கடந்துவிடுவர். ஆயினும் நாடகத்தின் முதல் ஓலை தவறான கைக்குப் போய்ச் சேர்ந்தது இங்கேதான். காதல் பிறந்ததே ஒரு கடிதத் தவற்றினால் என்றால், அது முடிவதும் ஒரு கடிதத் தவற்றினால் என்பதில் வியப்பென்ன?

இதற்குப் பின் செய்திகள் ஒன்றேனும் நேராகச் செல்வதில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜூலியட் தன் செவிலியை ரோமியோவிடம் அனுப்புகிறாள். அரைமணியில் திரும்புவதாகச் சொன்ன செவிலி பன்னிரண்டு மணிவரை வரவில்லை. வந்த பிறகும் முதுகுவலி, மூச்சுவாங்கல் என்று ஏதேதோ பேசிச் செய்தியை உடனே சொல்லாமல் இழுத்தடிக்கிறாள். நாம் சிரிக்கிறோம். அடுத்த அங்கத்தில் அதே செவிலி அழுதுகொண்டு ஓடிவந்து, "இறந்தான், இறந்தான்" என்று பெயர் சொல்லாமல் அரற்றுகிறாள். இறந்தவன் ரோமியோ என்றே ஜூலியட் நம்பித் துடிக்கிறாள். கொலையுண்டவன் உறவினன் டிபால்ட் என்பது பின்னரே தெரிகிறது. முன்பு சிரிக்க வைத்த அதே குறை இப்போது நெஞ்சைப் பிளக்கிறது. காதலரில் ஒருவர் மற்றவரின் பொய்ச்சாவை உண்மையென நம்பும் நிகழ்ச்சி கல்லறைக்கு இரண்டு அங்கங்கள் முன்பே ஒருமுறை நமக்கு நடித்துக் காட்டப்பட்டுவிட்டது. ஷேக்ஸ்பியரின் அமைப்புத் திறனுக்கு இதனினும் நல்ல சான்று இந்நாடகத்தில் இல்லை என்பது என் கருத்து.

இவற்றுக்கிடையே உள்ளது உலகறிந்த மாடக் காட்சி. இரவில் தோட்டத்தில் அவனும் மேல்மாடத்தில் அவளும் நின்று பேசும் அக்காட்சியின் புகழ் நாடகத்தின் புகழையே விழுங்கிவிட்டது. அதைப் பெயர்த்தெடுத்து எங்கும் நட்டுவிடலாம், நட்டும் இருக்கிறார்கள். தமிழ்த் திரைப்பட வரலாற்றிலும் அதற்கொரு சான்று உண்டு. 1937இல் வெளிவந்த 'அம்பிகாபதி' படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவர் ரோமியோ ஜூலியட்டின் காதற் பகுதிகளை உரையாடல் ஆசிரியர் இளங்கோவனுக்குக் காட்டி, அவற்றைத் தழுவித் தமிழில் எழுதச் செய்தார். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த அப்படத்தின் காதற் காட்சிகள் வெரோனாவின் மாடத்திலிருந்து வந்தவை. ஆனால் முடிவு வெரோனாவிலிருந்து வரவில்லை. அது நம் கதை மரபின் முடிவு: சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல் பாட வேண்டும் என்பது நிபந்தனை, காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறும் முடிந்தன என்று கருதி முன்னே வந்துவிடுகிறாள், தொண்ணூற்றொன்பதே பாடிய அம்பிகாபதி அவளைக் கண்டு பாடிவிடுகிறான். அங்கே ஓர் எண்ணிக்கைப் பிழை. இங்கே ஒரு கடிதப் பிழை. மாடக் காட்சியை இரவல் வாங்கலாம். முடிவை அவ்வாறு வாங்க முடியாது என்பதை டங்கனும் இளங்கோவனும் அறிந்திருந்தனர் போலும்.

முடிவைத் தாங்கும் தூண் மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியே. இதற்கு முன்னரும் ஒரு கடிதம் உண்டு. அதைப் படிப்பவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விருந்தில் ரோமியோவைக் கண்டு சினந்த டிபால்ட், மறுநாள் காலையில் அவனைப் போருக்கு அழைத்து அவன் தந்தை வீட்டுக்கு ஓலை விடுத்தான். ரோமியோவோ முந்தைய இரவு வீடு திரும்பவே இல்லை. ஜூலியட்டின் மாடத்திலிருந்து நேரே லாரன்ஸ் அடிகளின் குடிலுக்குப் போனவன் அவன். அந்த ஓலையை அவன் பார்த்ததற்கு நாடகத்தில் அடையாளம் ஏதுமில்லை. ஆகவேதான் மணக்கோலத்து மகிழ்ச்சியோடு தெருவில் வருகிறவன், தன்னைக் கொல்லக் காத்திருப்பவன் முன் எவ்வித ஆயத்தமும் இன்றி நிற்கிறான். டிபால்ட் இப்போது தன் மனைவியின் உறவினன் என்பதால் வாளை எடுக்க மறுக்கிறான். காரணத்தை வெளியிடவும் இயலாது. அதைக் கோழைத்தனம் என்று எண்ணிய நண்பன் மெர்குஷியோ குறுக்கே பாய்கிறான். விலக்கிவிட ரோமியோ கையை நீட்ட, அந்தக் கைக்கு அடியிலேயே டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவின் உடலில் இறங்குகிறது. நட்பின் பழியைச் சுமந்தவனாய் ரோமியோ டிபால்ட்டைக் கொல்கிறான்.

புரூக்கின் பாட்டில் இதில் பாதி இல்லை. அங்கே மெர்குஷியோ விருந்தில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைகிறான், சாவதில்லை. தெருச்சண்டையில் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டே ரோமியோ டிபால்ட்டைக் கொல்கிறான். ஷேக்ஸ்பியர் அந்தப் பெயரை எடுத்து ஓர் ஆளாக்கி, நம்மைச் சிரிக்கவைத்து, நமக்கு நண்பனாக்கி, நாடகத்தின் நடுவில் கொன்றுவிட்டார். அவனோடு நாடகத்தின் சிரிப்பும் இறந்துவிடுகிறது. அதுவரை நாம் பார்த்துக்கொண்டிருந்தது இன்பியல் நாடகம் என்றே சொல்லலாம்: எதிர்க்கும் பெற்றோர், துணை நிற்கும் செவிலி, மறைவுத் திருமணம், கேலி பேசும் நண்பன். அவற்றை வைத்துக்கொண்டு மகிழ்ச்சியான முடிவை எளிதில் எழுதியிருக்கலாம். மெர்குஷியோ விழுந்தபின் எழுத முடியாது. கோமகனின் உறவினனும் கபுலெட் குடியின் உறவினனும் பிணமாகிவிட்டனர். ரோமியோவுக்கு நாடுகடத்தல் தண்டனை. நாடுகடத்தல் என்றால் பிரிவு. பிரிவு என்றால் தூது. வெரோனாவுக்கும் மாண்டுவாவுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தத் தொலைவை உண்டாக்கியது இக்காட்சி. கடிதத்துக்குத் தேவை ஏற்பட்டதே இங்கேதான்.

தேவை ஏற்பட்டபோது லாரன்ஸ் அடிகள் ஒரு வாக்குறுதி தருகிறார். அதே அங்கத்தின் மூன்றாம் காட்சியில், "உன் வேலையாளைத் தேடிப்பிடித்து, இங்கே நடக்கும் நல்லவற்றை அவன் வாயிலாக அவ்வப்போது உனக்கு அறிவிப்பேன்" என்னும் பொருள்பட ரோமியோவுக்குச் சொல்லி அனுப்புகிறார். அந்த வேலையாள் பால்தசார். ஆனால் நெருக்கடி வந்தபோது அடிகள் அவனைத் தேடவில்லை. தம் துறவறத் தோழர் ஜான் அடிகளிடம் கடிதத்தைக் கொடுக்கிறார். கடிதத்தில் இருப்பது என்னவென்று அவரிடம் சொன்னதாகவும் தெரியவில்லை. பால்தசாரோ யாதொன்றும் அறியாதவனாய், ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைத் தன் கண்ணால் கண்டு, விசுவாசத்தின் மிகுதியால் விரைவுக் குதிரையில் மாண்டுவாவுக்குப் பறக்கிறான். பொய்யான செய்தி குதிரையில் போயிற்று. உண்மையான செய்தி வெரோனாவைத் தாண்டவில்லை. எந்த மனிதனை அடிகள் தூதுவனாக வாக்களித்தாரோ அதே மனிதனே அழிவின் தூதுவனாக வந்து நின்றான். இதை ஊழ் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அடிகள் நல்லவர், ஆனால் தாம் சொன்னதை மறந்தவர்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் நான்காம் அங்கத்தில் உண்டு. பாரிஸ் பிரபுவுடன் ஜூலியட்டின் திருமணம் வியாழக்கிழமை என்று குறித்திருந்தனர். புதன் இரவு மருந்தை அருந்தும்படி அடிகள் சொல்லி அனுப்புகிறார். அவர் திட்டப்படியே ஜூலியட் வீட்டுக்கு வந்து தந்தையின் காலில் விழுந்து, திருமணத்துக்கு இசைவதாக நடிக்கிறாள். மகள் பணிந்துவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் கபுலெட் திருமணத்தை ஒருநாள் முன்தள்ளிப் புதன்கிழமைக்கே மாற்றிவிடுகிறார். ஆகவே செவ்வாய் இரவே அவள் மருந்தை அருந்த வேண்டியதாயிற்று. கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் ஒருநாள் போயிற்று. அந்த நாளைத் தின்றது தந்தையின் கோபமன்று, மகிழ்ச்சி. கோபத்தில் அவர் செய்த கொடுமைகளைக் காட்டிலும் மகிழ்ச்சியில் செய்த இவ்விரைவே மகளுக்குக் கேடாய் முடிந்தது.

ஜான் அடிகள் தடைப்பட்ட கதையை ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி முப்பது வரிக்குள் சொல்லிவிடுகிறது. வழித்துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போனார் அவர். அத்துறவி நோயாளிகளைப் பார்த்துவந்தவர். கொள்ளைநோய் கண்ட வீட்டில் இருந்தவர்கள் என்று ஐயுற்ற நகரக் காவலர் இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டனர். கடிதத்தைத் திருப்பி அனுப்பவும் ஆள் கிடைக்கவில்லை, தொட அஞ்சினர். இன்று படிப்போருக்கு இது வலிந்து நுழைத்த தற்செயல் போலத் தோன்றலாம். அன்றைய இலண்டன் மக்களுக்கு அவ்வாறு தோன்றியிராது. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயின் பொருட்டு அந்நகரத்து நாடக அரங்குகள் பெரும்பகுதிக் காலம் மூடிக்கிடந்தன. நோய் கண்ட வீட்டின் கதவை ஆட்களோடு சேர்த்து அடைத்துவைப்பதை அவர்கள் தங்கள் தெருவிலேயே கண்டவர்கள். 2020இல் நம் ஊர்களில் கதவடைத்துக் கிடந்த நமக்கும் ஜான் அடிகளின் நிலையை உணர்வது இனி அரிதன்று.

இறுதியாகக் கல்லறை. ரோமியோ வருகிறான், வாயிலில் பாரிஸைக் கொல்கிறான். இந்தக் கொலையும் புரூக்கின் பாட்டில் இல்லாதது. உள்ளே ஜூலியட்டின் கன்னத்திலும் இதழிலும் செம்மை மாறாதிருப்பதைக் கண்டு வியக்கிறான். சாவுகூட அவள் அழகை வெல்லவில்லை என்று எண்ணிக்கொண்டே நஞ்சை அருந்துகிறான். அது சாவின் தோல்வியன்று, உயிரின் வருகை என்பது அரங்கில் இருக்கும் அனைவருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. அவன் இறந்த சற்றுநேரத்தில் லாரன்ஸ் அடிகள் கல்லறைகளில் கால் இடறி இடறி ஓடிவருகிறார். விரைந்து ஓடுவோர் இடறி விழுவர் என்று இரண்டாம் அங்கத்தில் ரோமியோவுக்கு அறிவுரை சொன்னவர் அவரே. ஜூலியட் விழிக்கிறாள். காவலர் வரும் ஓசை கேட்டு அடிகள் அவளை விட்டுவிட்டு வெளியேறுகிறார். தனிமையில் அவள் எடுத்துக்கொள்வது கணவனின் குறுவாள்.

இத்தகைய முடிவைத் தாங்கிக்கொள்ள அடுத்த நூற்றாண்டு மக்களால் இயலவில்லை. 1662 மார்ச் முதல் நாள் இலண்டனில் இந்நாடகத்தைக் கண்ட சாமுவேல் பெபீஸ், தம் வாழ்நாளில் இதைவிட மோசமான நாடகத்தைக் கேட்டதில்லை என்னும் கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அக்காலத்தில் ஜேம்ஸ் ஹோவர்டு என்பார் காதலர் இருவரும் பிழைத்திருக்கும்படி நாடகத்தைத் திருத்தினார். ஒருநாள் துன்ப முடிவு, மறுநாள் இன்ப முடிவு என்று மாறி மாறி நடித்தனராம். 1708இல் ஜான் டௌன்ஸ் எழுதிய நாடக அரங்கக் குறிப்புகளால் இச்செய்தி தெரிகிறது. ஹோவர்டின் நாடகம் நமக்குக் கிடைக்கவில்லை. டிபால்ட்டையும் மெர்குஷியோவையும் அவர் என்ன செய்தார் என்பதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை! 1679இல் தாமஸ் ஓட்வே இக்கதையைப் பழைய ரோமாபுரிக்குக் கொண்டுபோய், 'கையஸ் மாரியஸ்' என்னும் அரசியல் நாடகத்துள் செருகினார். அவர் படைத்த இளம்மனைவி லவீனியா, கணவன் இறக்கும் முன்பே கல்லறையில் விழித்துவிடுகிறாள். பல ஆண்டுகள் இலண்டன் மேடையில் ரோமியோ ஜூலியட்டின் இடத்தைப் பிடித்திருந்தது ஓட்வேயின் நாடகமே. 1744இல் தியோபிலஸ் சிப்பர் பழைய நாடகத்தை மீட்டு வந்தபோதும் கல்லறைக் காட்சிக்கு ஓட்வேயிடமே கடன்பட்டார்.

புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக் 1748இல் செய்த திருத்தமே நிலைத்தது. அவரும் கல்லறையில் காதலரைச் சந்திக்க வைத்து, நீண்ட உரையாடல் ஒன்றைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். பண்தெல்லோவின் கதையில் இச்சந்திப்பு இருந்ததென்றும், மொழிபெயர்ப்பையே படித்ததால் ஷேக்ஸ்பியர் இதை விட்டுவிட்டார் போலும் என்றும் அவர் காரணம் காட்டினார். 1750இல் இலண்டனின் இரு பெரும் அரங்குகள் ஒரே சமயத்தில் இந்நாடகத்தை நடத்தின. ஒன்றில் காரிக், மற்றொன்றில் ஸ்பிராங்கர் பாரி. பன்னிரண்டு இரவுகள் போட்டி நீடித்தது. வேறு நாடகம் பார்க்க வழியில்லாத நகரமக்கள் சலித்துக்கொண்டனர். அரங்கிலே காரிக்கின் கல்லறைக் காட்சி கண்ணீரை வரவழைத்தது என்பதில் ஐயமில்லை. வந்த கண்ணீருக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் செய்தி. ஷேக்ஸ்பியரின் கல்லறையில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. செவிலியின் தடுமாற்றம் முதல் ஜான் அடிகளின் கதவடைப்பு வரை நடந்த ஒவ்வொன்றும் அந்த அறியாமையையே வளர்த்துவந்தது. காரிக்கின் காதலரோ எல்லாவற்றையும் பேசித் தெரிந்துகொண்டு இறக்கின்றனர். தூது தவறியதன் கொடுமை அங்கே கரைந்துபோகிறது. அதே காரிக் ரோசலினைப் பற்றிய பேச்சையும் நாடகத்திலிருந்து நீக்கினார். ஒருத்தியை மறந்து ஒரே இரவில் வேறொருத்தியைக் காதலிப்பவன் வீரத் தலைவனாக மாட்டான் என்பது அக்கால நாகரிகம். ரோசலின் போனதும் ரோமியோவின் பதற்றம் போயிற்று. ஒரு நொடியில் காதல் கொள்பவன்தான் ஒரு நொடியில் வாளெடுப்பவன். அவன்தான் ஒரு செய்தி கேட்டதும் நஞ்சு வாங்க ஓடுபவன்.

காரிக்கின் முடிவு நூறாண்டுக் காலம் ஆட்சி செய்தது. கடல் கடந்தும் சென்றது. 1827இல் ஆங்கில நடிகர் குழு பாரிஸ் நகரில் இந்நாடகத்தை நடித்தபோது பார்த்தவர்களுள் இளைஞரான இசைமேதை பெர்லியோஸ் ஒருவர். ஜூலியட்டாக நடித்த ஹாரியட் ஸ்மித்சனை அவர் பின்னாளில் மணந்துகொண்டார். 1839இல் அவர் படைத்த 'ரோமியோ ஜூலியட்' இசைப்படைப்பில் கல்லறையில் விழித்தெழும் ஜூலியட், காரிக்கின் ஜூலியட்டே. 1867இல் கூனோ இயற்றிய இசைநாடகத்திலும் காதலர் சந்தித்துப் பாடிய பின்பே இறக்கின்றனர். ஜெர்மனியில் 1776இல் பெண்டாவின் இசைநாடகம் இருவரையும் உயிரோடு சேர்த்தே வைத்துவிட்டது. இசைவாணர்க்கு இருகுரல் பாட்டு வேண்டுமல்லவா!

பழைய முடிவை ஆங்கில மேடைக்கு மீட்டுத் தந்த பெருமை ஒரு பெண்ணுக்கு உரியது. அமெரிக்க நடிகை ஷார்லட் குஷ்மன் 1845 டிசம்பரில் இலண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் தாமே ரோமியோவாக நடித்தார்; அவர் தங்கை சூசன் ஜூலியட். காரிக்கின் சேர்க்கைகளைத் தள்ளி ஷேக்ஸ்பியரின் மூலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். ரோசலின் திரும்பி வந்தாள். ரோமியோவின் பதற்றமும் திரும்பி வந்தது. அவன் தனியே இறந்தான். அவள் தனியே விழித்தாள். மக்கள் வெறுப்பார்கள் என்று அஞ்சியோர் ஏமாந்தனர். நாடகம் பெருவெற்றி கண்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் முடிவை மாற்றும் ஆசை ஒழியவில்லை. 1935இல் ருஷ்ய இசைமேதை புரொகோஃபியேவ் தம் நடன நாடகத்துக்கு முதலில் இன்ப முடிவே அமைத்தார். உயிரோடிருப்பவர்தாமே ஆட முடியும் என்பது அவர் வாதம். பிறகு அதைக் கைவிட்டார். 1940இல் லெனின்கிராடில் ஆடப்பட்டபோது முடிவு துன்பமாகவே இருந்தது. 1957இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' செய்த மாற்றமே ஆழமானது. அங்கே நோயுமில்லை, கதவடைப்புமில்லை. காதலிக்காகத் தூது சொல்ல வந்த அனிதா என்பவளை எதிர்க்கூட்டத்து இளைஞர் இனவெறியால் இழிவுபடுத்துகின்றனர். வெகுண்ட அவள், காதலி மரியா கொலையுண்டாள் என்று பொய்யைச் சொல்லிவிட்டுப் போகிறாள். தற்செயலின் இடத்தில் பகையே வந்து அமர்ந்துவிட்டது. தூதுக் காட்சி மாறியதும் முடிவும் மாறுகிறது: காதலன் சாகிறான், மரியா உயிரோடு நின்று இருதரப்பாரையும் குற்றம் சாட்டுகிறாள். கல்லறையில் மட்டும் கைவைத்த காரிக்கைக் காட்டிலும் கடிதத்தில் கைவைத்த இவர்கள் நாடகத்தை நன்றாகப் படித்தவர்கள் என்பேன்.

திரைப்படங்களும் இவ்வாறே தத்தம் விடையைத் தேடின. 1968இல் செஃபிரெல்லி எடுத்த படத்தில் கழுதை மீது மெல்லச் செல்லும் ஜான் அடிகளைக் குதிரையில் வரும் பால்தசார் முந்திக்கொண்டு போகிறான். பாரிஸின் சாவு அதில் இல்லை. 1996இல் பாஸ் லூர்மன் எடுத்த படத்தில் கடிதம் அஞ்சல் நிறுவன ஆளிடம் போகிறது. ரோமியோ வீட்டில் இல்லாத வேளையில் வந்து அவன் திரும்பிப் போகிறான். தா போர்த்தோ சொன்ன அதே காரணம்! அதே படத்தில் ரோமியோ நஞ்சை அருந்தும் கணத்தில் ஜூலியட் கண்விழித்து அவன் முகத்தைத் தொடுகிறாள். தா போர்த்தோவின் அதே கல்லறை. அறியாமல் நேர்ந்ததோ அறிந்தே செய்ததோ, கதை நானூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

மேடையிலும் படத்திலும் பெரும்பாலோர் வெட்டிவிடும் ஒரு பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலியட் இறந்ததும் திரை விழுந்துவிட வேண்டும் என்பது பலர் எண்ணம். ஷேக்ஸ்பியரின் நாடகம் அங்கே முடிவதில்லை. ஊர் விழித்துக்கொள்கிறது, கோமகன் வருகிறார், மாண்டேகு வருகிறார். மகனை நாடுகடத்திய துயரத்தால் தம் மனைவி அன்றிரவே இறந்தாள் என்று அவர் சொல்கிறார். லாரன்ஸ் அடிகள் நாற்பது வரிகளில் நடந்ததெல்லாம் கூறுகிறார். நாம் முன்பே அறிந்த கதைதானே என்று வெட்டுவோர் கருதுகின்றனர். நமக்குத் தெரியும், வெரோனாவில் எவருக்கும் தெரியாது. இரு குடும்பங்களும் முழுச்செய்தியை முதன்முறையாகக் கேட்பது அப்போதுதான். அடிகள் சொல்வது மெய்யா என்று தெளிய ஒரு கடிதமே சான்றாக வருகிறது. சாகுமுன் ரோமியோ தன் தந்தைக்கு எழுதி, காலையில் அவரிடம் சேர்க்கும்படி பால்தசாரிடம் கொடுத்தது அது. பால்தசார் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மாண்டேகுவும் அங்கேயே நிற்கிறார். கோமகன் கையை நீட்டி அதை வாங்கித் தாமே படிக்கத் தொடங்குகிறார்.